நாலு குரலுக்கு நாப்பது வைத்தியம்

மருமவனே, ஒரு ரோசனை சொல்லுதேன், கோவிச்சுக்காமக் கேளு. நீ பாட்டே போட வேண்டாம். பாட்டுப் போடுதவன்னு பேரை மட்டும் வாங்கிக்க. அதுக்கு இந்தக் கேம் பாய் பெட்டியை விடத் தோதான சாமான் கெடையாது. 1989-ல ஜப்பான்ல நிண்டெண்டோ கம்பெனிக்காரன் 12,500 யென்னுக்கு வித்த வெளையாட்டுச் சாமான் அது. அதைத் தேடிப் பிடிச்சு, கழட்டி, உரிச்சு, அறுத்து, பத்த வெச்சு, நெறம் மாத்தி முடிக்கதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிரும். அதுவரைக்கும் எவனும் பாட்டு எங்கன்னு கேக்க மாட்டான். பெட்டியைத்தான் பாப்பான். பாத்துட்டு, "ஏ அப்பா, பின்வெளிச்சம் போட்டிருக்கியா?"ன்னு வாயைப் பொளப்பான். வேற என்ன வேணும் ஒரு கலைஞனுக்கு?

மொதல்ல வெளிச்சத்துலயே கையை வையி. அந்தப் பெட்டியோட படக் கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கெடையாது, பகல்லதான் ஒழுங்காத் தெரியும். அகலத்துல 160 புள்ளி, உசரத்துல 144 புள்ளி, பாசிப்பச்சையில நாலு சாயை, அம்புட்டுத்தான். ராத்திரி மேடையில நின்னு வாசிக்கப் போறவனுக்கு அது ஆவுமா? (நீ இன்னும் மேடையே ஏறல, அது வேற கதை.) அதனால பெட்டியைக் கவுத்து வெச்சுத் திருப்புளியைப் போடு. சாதாத் திருப்புளி வழுக்கும். மூணு றெக்கை வெச்ச ஸ்க்ரூ போட்டிருக்கான். நீ வருவன்னு அப்பமே ஜப்பான்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்குன்னு தனித் திருப்புளி ஆர்டர் போடு. அது வந்து சேருத வரைக்கும் சும்மாக் கெடக்கலாம், கேட்டா "வேலை நடந்துக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லலாம்.

தொறந்தாச்சா? கண்ணாடிக்குப் பின்னால, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குத பிலிம் ஒண்ணு பசை போட்டு ஒட்டியிருக்கும். அதை ஒரு மூலையிலருந்து பைய உரிக்கணும். பைய உரிக்கப் பொறுமை இருக்கவன் இந்தச் சோலிக்கே வர மாட்டான், அதனால நீ வேகமா உரிப்ப. ஒண்ணு கண்ணாடி விரிசல் விடும், இல்லாட்டி பசை திட்டுத் திட்டா நிக்கும். அதை ஆல்கஹால் போட்டுத் தொடைக்கணும். குடிக்கது இல்ல, ஐசோபுரொபைல். இந்த வெவரத்தை உங்க அத்தைகிட்ட நீயே சொல்லிரு, நான் சொன்னா அவ நம்ப மாட்டா.

பசை போனதும் எல்.இ.டி. பலகையைப் பின்னால சொருகணும், புதுசா ஒரு போலரைசர் பிலிமும் வைக்கணும். அதுலதான் இருக்கு கூத்து. அந்த பிலிமை 90 பாகை திருப்பி வெச்சா, கறுப்பு வெள்ளையாவும் வெள்ளை கறுப்பாவும் தலைகீழாத் தெரியும். அப்பம் என்ன செய்யணும்? அந்தத் தலைகீழை நேராக்க 74ஹெச்சி04-னு ஒரு சின்ன சிப்பை வாங்கி, கண்ணாடிக்குப் போற ரெண்டு டேட்டாக் கம்பிக்கு நடுவுல பத்த வைக்கணும். திருப்புனதைத் திருப்பதுக்கு ஒரு சிப்பு! "மொதல்லயே திருப்பாம இருந்தா என்னடே?"ன்னு உங்கிட்டக் கேட்டேம்லா. "கான்ட்ராஸ்ட் கூடும் மாமா, எழுத்துப் பளிச்சுன்னு தெரியும்"ன்ன. அதுவும் மெய்தான். எழுத்து இன்னும் ஒண்ணும் எழுதல, ஆனா எழுதினா பளிச்சுன்னுதான் தெரியும்.

அம்புட்டையும் மாட்டி முடிச்சு சுவிச்சைப் போட்டா, படத்துல அங்கங்க நெட்டுக்கோடு செத்துப்போயிருக்கும். அப்பத்தான உனக்கு மாமன் ஞாபகம் வரும். ரேடியோப் பெட்டிக்கு வைத்தியம் பாத்தே வயித்தைக் கழுவுனவன் நான். கண்ணாடிக்கு அடியில இருக்குத ரப்பர்ப் பட்டையை ஒதுக்கி, ரிப்பன் ஓரத்துல சூட்டுக்கோலை லேசா ஓட்டிவிட்டா, செத்த கோடு உசுரு பிடிக்கும். அழுத்திட்டா, உசுரோட இருக்கதும் போயிரும். நீ அழுத்துத ஆளு. கோலை எங்கிட்டக் குடு.

அடுத்தது சத்தம். இதுல மட்டும் கேலி பண்ண மாட்டேன், இது எங்க தொழிலு. பெட்டிக்குள்ள ஹெட்போனுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் குடுக்குத சின்ன ஆம்பிளிபயர் ஒண்ணு இருக்கு. மலிவுச் சரக்கு. அது பாட்டையும் பெருக்கும், கூடவே "உஸ்"ஸையும் "கீ"யையும் பெருக்கும். அதனால, சத்தம் ஆம்பிளிபயருக்குப் போறதுக்கு முந்தியே வால்யூம் கண்ட்ரோல் கால்லருந்து கம்பி எடுத்துருதாவ. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு, கிரவுண்டுக்கு ஒண்ணு, மூணே மூணு கம்பி. அதைக் கொண்டாந்து ஓட்டில தொளை போட்டுத் தனி ஜாக்குல கட்டினா, சுத்தமான சத்தம் வரும், அடிநாதம் கும்முன்னு எறங்கும். புரோசவுண்டுன்னு பேரு வெச்சிருக்கான். நாங்க பழைய மர்பி ரேடியோவுலருந்து டேப் ரிக்கார்டருக்குக் கம்பி இழுத்தப்பம் அதுக்கு ஒரு பேரும் வைக்கல, டீக்காசுதான் வாங்கினோம். ஒண்ணு கவனிச்சுக்க, அந்த ஜாக்குல வருத சத்தத்துக்கு வால்யூம் திருகு வேலை செய்யாது. திருகிக்கிட்டே இருக்கலாம், கொறையாது. மிக்சர்லதான் கொறைக்கணும். ஒரு மிக்சர் வாங்கணும்னு அர்த்தம். செலவு கூடக்கூட நீ பெரிய கலைஞன் ஆயிக்கிட்டே வார.

பெறவு வேகம். உள்ள 4.19 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் ஒண்ணு துடிச்சுக்கிட்டு இருக்கு. அதைப் பிடுங்கிட்டு, திருகுனாக் கூடிக்கொறையுத ஆசிலேட்டரை வெச்சா, சுருதியும் ஏறும் தாளமும் ஓடும், ரெண்டும் சேந்தேதான், ஒண்ணை மட்டும் தனியாப் பிரிக்க முடியாது. மேடையில திருகினா கூட்டம் கத்துமாம். சரி, ஓடு மாத்தணும்லா? உள்ள இருக்கதெல்லாம் தெரியுத ஓடு, ஊதாப் பித்தான், சேப்புப் பித்தான். 1995-ல அந்தக் கம்பெனிக்காரனே கலர் கலரா ஓடு போட்டு வித்தான், அப்பமே அவனுக்கு ஆளுக புத்தி தெரிஞ்சிருக்கு. நீ எதுலயும் கொறை வைக்காத. எல்லாம் மாத்து. மாத்தி முடிச்சதும் கைப்பேசியில ஒரு படம் எடுத்துப் போடு. பாட்டா? அது வரும், பைய வரும், ஆடிக் கழியட்டும்.

இந்தப் பெட்டியைப் பண்ணுனவன் யாருன்னு உனக்குத் தெரியும், நீதான எனக்குச் சொன்ன. குன்பெய் யோகோய். 1965-ல அந்தக் கம்பெனி சீட்டுக்கட்டு அடிச்சுக்கிட்டு இருந்தப்பம், அந்த மிஷினுகளைப் பாத்துக்கிட வேலைக்குச் சேந்தவன். மெயின்டனன்ஸ் ஆளு! அதைக் கேட்டதுலருந்து எனக்கு அவன் மேல ஒரு பிரியம். பொழுதுபோக்கா அவன் பண்ணி வெச்சிருந்த நீட்டி மடக்குத கையை மொதலாளி பாத்துட்டு, "இதையே சாமானாப் பண்ணு"ன்னாராம். அதுலருந்துதான் அவன் பொம்மைக்கு மாறினது. அவன் சித்தாந்தம் என்னன்னா, ஊரே பழகி, வெலை எறங்கி, கோளாறு பூராவும் தெரிஞ்சுபோன சாமானை எடு, அதை எவனும் நெனைக்காத எடத்துல பயன்படுத்து, புதுசுக்குப் பின்னால ஓடாத.

அதனாலதான் அவன் கலர்க் கண்ணாடி வைக்கல. தெரியாம இல்ல, வேண்டாம்னு வைக்கல. அதே 1989-ல அட்டாரிக்காரன் லிங்க்ஸுன்னு கலர்ல விட்டான், அடுத்த வருசம் சேகாக்காரன் கேம் கியர்னு கலர்ல விட்டான். ரெண்டும் வெளிச்சம் போட்டு ஜகஜ்ஜோதியா இருக்கும். ஆனா பென்டார்ச் கட்டை ஆறு போடணும், போட்டா அஞ்சு மணி நேரம் தாங்கதே பெருசு. நம்மாளு பெட்டிக்குக் கட்டை நாலுதான். ஒரு பகல் பூரா ஓடும். எது வித்ததுங்க? கேம் பாயும் அதுக்குப் பெறவு வந்த கேம் பாய் கலரும் சேந்து 11 கோடிக்கு மேல. ஜகஜ்ஜோதிக்காரன் ரெண்டு பேரும் போன எடம் தெரியல.

இப்பம் நீ என்ன பண்ணுத? அந்த மனுசன் வேண்டாம்னு ஒதுக்கி வெச்ச ஒவ்வொண்ணையும் தேடிப்பிடிச்சு உள்ள வைக்க. வெளிச்சம் வைக்க, கட்டை சீக்கிரம் செத்துப்போவுது. செத்துப்போவுதுன்னு சார்ஜு பண்ணுத பேட்டரி வைக்க, அதோட ரெகுலேட்டர்லருந்து "கீ"ன்னு ஒரு எரைச்சல் வருது. எரைச்சல் வருதுன்னு கண்டன்சர் மாத்துத. அவன் பாவம், 1997-லயே போயிட்டான். இருந்தான்னா உன்னைக் கூப்புட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்து, "தம்பி, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?"னு கேட்டிருப்பான்.

சரி, சத்தத்துக்கு வா. நம்ம ஊர்க் கொடையில கரகத்துக்கு வருத நையாண்டி மேளம் பாத்திருக்கல்லா? ரெண்டு நாயனம் முன்னால நிக்கும், ஒண்ணு பேச ஒண்ணு பதில் சொல்லும், பின்னால தோலு அதிரும். அந்தச் செட்டை அப்படியே சுருக்கி இந்தப் பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கான். குரலு மொத்தம் நாலு. மொத ரெண்டும் சதுர அலை, அதுகதான் நாயனம். மூணாவது நீயே வரையுத அலை, ஒரு சுத்துக்கு 32 படி, படிக்கு 16 உசரம், அதுல எப்படிக் கோணலா வரைஞ்சாலும் அந்தக் கோணலுக்குத் தக்கன சத்தம் வரும், அதை அடிநாதத்துக்கு வெச்சுக்கிடுதாவ. நாலாவது வெறும் எரைச்சல், அதுதான் தோலு. எரைச்சலை நீளமா விட்டா மழை, சட்டுன்னு வெட்டினா அடி. அதுலயே குட்டை வட்டமா ஓடுத ஒரு வகை இருக்கு, அதைத் தட்டினா தகரம் பேசும்.

சதுர அலைன்னா வேற ஒண்ணுமில்ல, சுவிச்சைப் போட்டுப் போட்டு நிறுத்துததுதான். எம்புட்டு நேரம் போட்டிருக்க, எம்புட்டு நேரம் நிறுத்தியிருக்கங்கதுல இருக்கு கொரல். எட்டுல ஒரு பங்கு போட்டா மூக்கால பேசும். நாலுல ஒரு பங்குன்னா கொஞ்சம் தெம்பு. பாதிக்குப் பாதின்னா உருண்டு தெரண்டு வரும். முக்கால்னும் ஒண்ணு குடுத்திருக்கான். ஆனா காலும் முக்காலும் காதுக்கு ஒண்ணேதான், ஒரு வித்தியாசமும் தெரியாது. நாலு வகைன்னு போர்டு போட்டுட்டு மூணுதான் அளந்திருக்கான், தேர்ந்த யாவாரி. எடதா வலதாங்கதும் அப்படித்தான். ஹெட்போன்ல ஒரு குரலை எடக் காதுல வைக்கலாம், வலக் காதுல வைக்கலாம், ரெண்டுலயும் வைக்கலாம். கொஞ்சம் எடப்பக்கமா, கொஞ்சம் வலப்பக்கமாங்கதெல்லாம் நடக்காது. உங்க அத்தை பேச்சு.

இம்புட்டுக் கொறைச்சுக் குடுத்தா மனுசன் என்ன செய்வான்? திருடக் கத்துக்கிடுவான். அங்கதான் எனக்கு ருசி தட்டுச்சு. ஒரு குரலுக்கு ஒரு நேரத்துல ஒரு சுரம்தான், மூணு சுரத்தை ஒண்ணா அமுக்க முடியாது. அதனால மூணையும் ஒண்ணு பின்னால ஒண்ணா, நொடிக்கு அறுவது தடவை கணக்குல மாத்தி மாத்தி ஓட விடுதான். காது ஏமாந்துபோயி மூணும் சேந்து கேக்கதா நெனைச்சுக்கிடும். கேக்கதுக்கு ஒரு மாதிரிக் குறுகுறுன்னு, தேன்சிட்டுக் கத்துத வேகத்துல இருக்கும். இதைக் கேம் பாய்க்காரன் கண்டுபிடிக்கல, 1982-ல வந்த கமடோர் 64 கம்ப்யூட்டர்க்காரங்க மூணே குரலை வெச்சுக்கிட்டு எப்பமோ பண்ணிட்டாங்க. ராப் ஹப்பர்டுன்னு ஒருத்தன் அந்த மூணுலயே இங்கிலாந்துப் புள்ளைகளைக் கெறங்க அடிச்சிருக்கான். எதிரொலி வேணுமா? மொத நாயனம் வாசிச்சதையே ரெண்டாவது நாயனம் செத்த நேரம் கழிச்சு, சத்தத்தைக் கொறைச்சு வாசிக்கணும். மலையடிவாரத்துல நின்ன கணக்கா ஆயிரும். பெரிய மேளத்தோட "தொம்" வேணுமா? மேல ஒரு சுரத்தைப் பிடிச்சுக் கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள கீழ இழுத்து விடு. சுரம்னே தெரியாது, அடின்னுதான் காது சொல்லும்.

டெட்ரிஸ் பாட்டு ஊருக்கே தெரியும். ருசியா நாட்டு நாடோடிப் பாட்டு ஒண்ணை எடுத்து இந்த நாலு குரல்ல பிரிச்சுப் போட்டவன் ஹிரோகாசு தனாகா, கம்பெனி ஆளு. அவன் இன்னமும் சிப் தனாகாங்க பேருல மேடை ஏறுதானாம். பாரு, பெட்டியைக் கழட்டி ஓடு மாத்துனவன் பேரு எதுவும் எனக்கு ஞாபகம் நிக்கல, பாட்டுப் போட்டவன் பேரு நிக்குது. சும்மா சொன்னேன், உன்னைச் சொல்லல.

நாலு குரலை ஆட்டி வைக்க ஒரு நிரல் வேணும்லா? அதுக்கும் கம்பெனிக்காரன் ஒண்ணும் பண்ணல. 1998-ல ஜெர்மனியில ஹாம்பர்க்ல ஓவியக் கல்லூரியில படிச்சுக்கிட்டு இருந்த ஆலிவர் விட்ஷோங்க பையன் நானோலூப்னு ஒண்ணு எழுதினான். நாலுக்கு நாலு கட்டம், பதினாறு புள்ளி, அதுலயே தட்டித் தட்டிப் பாட்டு. அதைப் பாத்துட்டு ஸ்வீடன்காரன் யோஹான் கோட்லின்ஸ்கி, 2000-ஐ ஒட்டி எல்.எஸ்.டி.ஜே.ன்னு இன்னொண்ணு எழுதினான். நீ வெச்சிருக்கது அதுதான். பதினாறு வரி சேந்தா ஒரு துண்டு, துண்டு சேந்தா சங்கிலி, சங்கிலி சேந்தா பாட்டு. அந்த நிரலை ஒரு காட்ரிட்ஜுல ஏத்திப் பெட்டிக்குப் பின்னால சொருகிட்டா, வெளையாட்டுச் சாமான் வாத்தியம் ஆயிருது. அதுக்கு ஓடு மாத்த வேண்டாம், வெளிச்சம் வைக்க வேண்டாம், கிறிஸ்டலைப் பிடுங்க வேண்டாம். இதை நீ எங்கிட்டக் கடைசியாத்தான் சொன்ன, அதுவும் வாய் தவறி.

ஆனா அதுல எண்ணு எழுதியிருக்குத தினுசு இருக்கே, அதைப் பாத்துத்தான் நான் சிரிச்சது. பூச்சியம், ஒண்ணு, ரெண்டுன்னு ஒழுங்கா வரும். ஒம்பது வந்ததும் அடுத்தது பத்து இல்ல, "ஏ". பெறவு பி, சி, டி, இ, எஃப். எஃப்னா பதினஞ்சு. 10-னு எழுதியிருந்தா பதினாறு. இந்தக் கணக்கு உனக்கு நல்லாப் பழகிருச்சுன்னு தெரியுது. பித்தான் செட்டு "இருபது டாலர்தான்"னு அத்தைகிட்டச் சொன்னியே, அது எந்தக் கணக்குல சொன்னது? அவ பழைய கணக்குல எடுத்துக்கிட்டா. உன் கணக்குல முப்பத்திரண்டுல்லா வரும். நான் வாயைத் தொறக்கல.

இன்னொரு ரோசனை. பாட்டுப் போடாம பேரு வாங்க இன்னும் சுளுவான வழி, சண்டை. இந்தச் சிப்புப் பாட்டுக் கூட்டத்துல சண்டைக்குப் பஞ்சமே இல்ல. நெசப் பெட்டியில போடாம கம்ப்யூட்டர்ல அதே சத்தத்தைப் பண்ணுதவனை "போலி"ம்பான் ஒருத்தன். "சத்தம் ஒண்ணுன்னா பாட்டும் ஒண்ணுதான, பெட்டி எதுவா இருந்தா என்ன?"ம்பான் இன்னொருத்தன். 89-ம் வருசத்துச் சாம்பக்கலர்ப் பெட்டியிலதான் அடிநாதம் நல்லா எறங்கும், பெறகு வந்த சின்னப் பெட்டியெல்லாம் சவளைப்புள்ளைம்பான் மூணாமத்தவன். நீ இதுல ஏதாவது ஒரு பக்கம் நின்னுக்க. எந்தப் பக்கம்னு முக்கியமில்ல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாதாடணும், அம்புட்டுத்தான். பாட்டுப் போட நேரம் இல்லைன்னு அப்பம் நெசமாவே சொல்லலாம்.

2003-ல மால்கம் மெக்லாரன் இவங்களுக்குள்ள வந்து நொழைஞ்சான். லண்டன்ல செக்ஸ் பிஸ்டல்ஸுன்னு ஒரு கோஷ்டிக்கு மேனேஜரா இருந்து ஊரைக் கலக்குன ஆளு. இந்தச் சிப்புப் பாட்டுதான் இனிமே புது பங்க்னு வயர்டு பத்திரிகையில எழுதிப்புட்டான். இவனுகளுக்கு வந்ததே கோவம்! பத்து வருசமாப் பண்ணிக்கிட்டு இருக்குதோம், நேத்து வந்தவன் எங்களுக்குப் பேரு வைக்கானான்னு ஒருத்தன் பகிரங்கக் கடுதாசியே போட்டான். எனக்கு மெக்லாரனைத் தப்புச் சொல்லத் தோணல. மேனேஜர்னா அப்படித்தான், எந்த மேளத்துக்கும் முந்தி அட்வான்ஸ் வாங்குதவன் அவன்தான்.

ஆனா சண்டை போடாத ஆளுகளும் இருந்திருக்காவ. நியூயார்க்ல 2006-லருந்து 2012 வரைக்கும் பிளிப் ஃபெஸ்டிவல்னு ஒண்ணு நடத்தியிருக்காவ. 8பிட்பீப்பிள்ஸுன்னு பாட்டு வெளியிடுத கூட்டமும், தி டேங்குன்னு ஒரு அரங்கும் சேந்து நடத்துனது. நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர்னு பேரு வெச்சுக்கிட்ட பயலுக, கையில கேம் பாயை மட்டும் வெச்சுக்கிட்டு மேடையில நின்னு ஆட்டியிருக்கானுவ. கீழ கூட்டம் குதிக்குது. வடக்கு அயர்லாந்துல ஒரு பொண்ணு, சிப்ஸல்னு பேரு, இதே பெட்டியிலதான் பாட்டுப் போட்டுப் பழகியிருக்கு. 2012-ல சூப்பர் ஹெக்ஸகன்னு ஒரு வெளையாட்டு வந்துச்சுல்லா, அதுல வருத பாட்டு அந்தப் பொண்ணோடது. நீ காட்டினப்பம் நான் மூணு தடவை கேட்டேன். நீ அப்பம் பித்தான் கலரைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்த.

இனி ஒரு காரியம், இது வெளையாட்டுக்குச் சொல்லல. காட்ரிட்ஜுக்குள்ள ஒரு காசு அகலத்துக்குப் பேட்டரி இருக்குல்லா, அதுதான் உன் பாட்டைக் காத்து வெச்சிருக்கது. அது செத்துச்சுன்னா, ஒரு வருசத்துப் பாட்டும் சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். பேட்டரி மாத்துதப்பமும் போயிரும். மாத்தறதுக்கு முந்தி கம்ப்யூட்டர்ல ஒரு படி எடுத்து வெச்சிரு. பாட்டு இருந்தா. இல்லைன்னா ஒரு கவலையும் இல்ல, தைரியமாப் பிடுங்கு. அந்த வகையில உன்னளவுக்குப் பத்திரமா இருக்கவன் ஒருத்தனும் கெடையாது.

அப்புறம் உன் ரெண்டாவது பெட்டி. "ஸ்பேருக்கு வாங்கினேன் மாமா, இன்னும் கழட்டல"ன்னு அலமாரியில வெச்சியே, மஞ்சப் பூத்துப்போயி, பழுப்பு ஏறி, ஒரு மூலை ஒடைஞ்சு இருக்கே, அது. நீ மாடியில கண்ணாடி உரிச்சுக்கிட்டு இருந்த ராத்திரிகள்ல எனக்குத் தூக்கம் பிடிக்கல. நாலு கட்டையைப் போட்டு, காட்ரிட்ஜைச் சொருகி, திண்ணை விளக்குக்குக் கீழ ஒக்காந்து தட்டிப் பாத்தேன். வெளிச்சம் வெளிய இருக்கவே கண்ணாடி நல்லாத்தான் தெரியுது. பதினாறு வரிக்கு நம்ம கொடை மேளத்து நடை ஒத்து வரல, நாலு வரி மிச்சமாத் துருத்திக்கிட்டு நிக்குது. ரொம்ப நேரம் தடவிப் பாத்தேன். பெறவுதான் பிடிபட்டுச்சு, "சி"ங்க வரியில "எச்"ன்னு ஒரு கட்டளை போட்டா, பன்னண்டு வரியோட அடுத்த துண்டுக்குத் தாவிருது. வெள்ளைக்காரன் வால்ட்ஸ் ஆடுததுக்குன்னு வெச்ச வழியாம் அது. நம்ம ஆளுக கரகம் ஆடவும் ஆவுது. எரைச்சல் குரலைத் தவிலுக்கு வெட்டி வெச்சேன், தகரம் பேசுததைப் பம்பைக்கு. ரெண்டு நாயனமும் முட்டிக்கிட்டே வரும், கடைசியில ஒண்ணா விழும். மூணாவது குரலை ஒத்துக்குப் பிடிச்சு விட்டுட்டேன், அது பாட்டுக்கு நிக்குது.

உன் பாட்டு எதையும் அழிக்கல மருமவனே, பயப்படாத. அழிக்கலாம்னு தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல.

உங்க அத்தை கேட்டுட்டு, "இது நம்ம சுடலைமாடன் கோயில் மேளம்லா, இந்தப் பொட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"ன்னா. நாளைக்கு அவ தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டுபோறா. ஸ்பீக்கர்ல போடணும்னு சொல்லுதா. அதுக்கு மட்டும் மூணு கம்பி இழுத்து ஒரு ஜாக்கு வெச்சுக் குடு, மத்தபடி அந்தப் பெட்டியில ஒரு ஸ்க்ரூவைத் திருகக் கூடாது. அந்த மூணு றெக்கைத் திருப்புளியை நான் எடுத்து வெச்சிருக்கேன், தேடாத.